அய்யாக்கண்ணு தன் கண்ணை நம்பாத காலம்

பினாங்குக் கோட்டைக் கொடிமரத்தடியில் பத்தொன்பது வருடம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அய்யாக்கண்ணு. வடக்கே ஜெராய் மலைப் பக்கம் ஒரு புகைக்கீற்று தெரிந்தால் போதும், தூரக்கண்ணாடியில் பார்த்து, வருவது எந்தக் கம்பெனிக் கப்பல் என்று சொல்லிவிடுவார். அதைப் பதிவேட்டில் எழுதி, உரிய கொடியை ஏற்றுவது கூட இருந்த ஜபருல்லாவின் வேலை. கொடியைப் பார்த்துத்தான் படகுக்காரர்கள் கிளம்புவார்கள்.

அய்யாக்கண்ணுவுக்கு ஒரு நோவு இருந்தது. அதற்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. சில மாதங்கள் பாடிக்கொண்டே வேலைக்கு வருவார். புகையைப் பார்த்த மாத்திரத்தில் கப்பலின் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். பிறகு ஒருநாள் எல்லாம் அணைந்துவிடும். சோறு இறங்காது. மனைவி ருக்குமணிதான் ஜெலுத்தோங் வீட்டிலிருந்து கூடவே நடந்து வந்து விட்டுப் போவாள். அந்த மாதங்களில் ஒரு கப்பலைச் சொல்வதற்குள் நாலு தரம் கண்ணாடியைத் துடைப்பார். சொன்ன பிறகும், தனக்குத் தெரியவில்லை என்பார்.

அவர் சிரிக்கும் மாதங்களில் சொன்னதை மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை அப்படியே ஏற்றுக்கொள்வார். வாடும் மாதங்களில் யாரும் காதில் வாங்குவதில்லை. ஜபருல்லாவும் அப்படித்தான் இருந்தார். 1923 மழைக்காலத்தில், வேலை குறைந்த ஒரு மதியம், பழைய பதிவேடுகளைப் புரட்டி, அய்யாக்கண்ணு சொன்னதையும் உண்மையில் வந்து சேர்ந்த கப்பலையும் ஒப்பிட்டுக்கொண்டே போனார். தயங்கிச் சொன்ன மாதங்களில் பிழை மூன்றே மூன்று. மார்தட்டிச் சொன்ன மாதங்களில் ஐந்து. எந்த மாதத்திலும் கண் ஒரே கண்ணாகத்தான் இருந்திருக்கிறது. மாறியது குரல் மட்டும்.

ஜபருல்லா இதைச் சொன்னபோது அய்யாக்கண்ணு நம்பவில்லை. ஏதோ அதிர்ஷ்டம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, அவர் மிகவும் வாடியிருந்த ஒரு காலை, நாகப்பட்டினத்துக் கப்பல் ஒன்று வந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"பாய், முன்பக்கம் கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்கு. தண்ணி ஏறுதோ என்னமோ. என் கண்ண நம்பாதீங்க."

துரை தூரக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். கப்பல் நன்றாகத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜபருல்லா ஒரு நிமிடம் நின்றார். பிறகு, வேலை போனாலும் போகட்டும் என்று ஆபத்துக் கொடியை ஏற்றினார்.

நீராவிப் படகுகள் போய்ச் சேர்ந்தபோது கப்பலின் முன்னறையில் இடுப்பளவு தண்ணீர். ஆட்களை இறக்கி, எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கச் சேற்றில் கப்பலை மூழ்காதபடி ஏற்றிவிட்டார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர் மூட்டை முடிச்சுகளோடு படகுத்துறையில் ஏறி வந்தார்கள். அய்யாக்கண்ணு ஒவ்வொருவராகப் பார்த்தபடி நின்றார்.

"பார்த்தப்போ எனக்கு நிச்சயமே இல்லையே, பாய்."

"அது எனக்குத் தெரியும்," என்றார் ஜபருல்லா. "ஆனா பார்த்தது நீங்கதானே."

நோவு போகவில்லை, வருவதும் விடுவதுமாகவே இருந்தது. ஆனால் அதன்பின் அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கண்டதை முதலில் சொல்வார். பயத்தை அப்புறம் சொல்வார். ஜபருல்லா முதலாவதை மட்டும் எழுதிக்கொள்வார்.

1929-ல் ஜபருல்லா ஹஜ்ஜுக்குப் போனார். திரும்பி வந்தபோது கப்பல் தளத்திலிருந்தே கொடிமரம் தெரிந்தது. அவர் வந்த கப்பலுக்கு உரிய கொடி அதில் பறந்துகொண்டிருந்தது. கரையேறியதும் நேரே கோட்டைக்குப் போனார். அய்யாக்கண்ணு தாடி வளர்ந்து, கண் குழிந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாக இப்படித்தான் இருக்கிறது என்றார்.

ஜபருல்லா பதிவேட்டைத் திறந்தார். அந்த இரண்டு மாதமும் அய்யாக்கண்ணுவின் கோணல் எழுத்து, அறுபத்தேழு கப்பல்கள். ஒன்றே ஒன்றுதான் பிழை, அதையும் அவரே அடித்துத் திருத்தியிருந்தார். தூரத்துப் பிரயாணக் களைப்பையும் மறந்து, ஜபருல்லா நின்றபடியே கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தார்.