பாக்கியம் அக்கா பிரித்துக் கொடுத்த ஏழு பாபின்கள்

கெமாஸிலிருந்து தொலைபேசி வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். பேசியது பக்கத்து வீட்டுப் பெண். "பாக்கியம் பாட்டி போயிட்டாங்க பெரியம்மா. காலையில எழுப்பப் போனா எழும்பல." ஈரக் கையோடு நின்றுகொண்டே இருந்தேன். அன்று அடுப்பு மூட்டவில்லை.

காரியத்துக்குப் போனேன். வந்தவர்கள் ஆளாளுக்கு, பொறுமைசாலி, வாய் அதிராத மனுஷி என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது! நம் எஸ்டேட்டுப் பழைய ஆட்கள் கூடும்போது படிக்க நாலு வரி எழுதிக் கொடு என்று கேட்டார்கள். எழுதுகிறேன். பாக்கியம் அக்கா பொறுமைசாலி இல்லை, வாய்க்காரி. தையல் கோணினால் ரவிக்கையை மூஞ்சியில் வீசுவாள். அது உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாத ஒன்றும் உண்டு. நானும் அவளும் மட்டுமே அறிந்தது.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் எஸ்டேட்டில் தையல் மிசின் வைத்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் தன் பெண்டாட்டியின் மிசினைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு வந்து, கெட்டுப்போச்சு என்றார். அக்கா மிசினைத் தொடவே இல்லை. அடிநூல் சுற்றும் பாபினை மட்டும் எடுத்து மேசையில் உருட்டிப் பார்த்தாள். "மிசினு நல்லாத்தான் இருக்கு. பாபின்தான் வேற வூட்டுப் புள்ள" என்றாள். தன்னிடமிருந்த ஒன்றைப் பாபின் உட்காரும் இரும்புக் கூட்டில் போட்டு, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, கையை லேசாக உதறினாள். கூடு ஒரு விரற்கடை இறங்கி நின்றது. அப்படி நின்றால்தான் சரி. சர்ரென்று விழுந்தால் தையல் தளரும். அசையாமல் தொங்கினால் நூல் அறும். மண்டோர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார். ரப்பர் மரம் வெட்டு நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறு, சாக்கே துணி என்றாயிற்று. லாரிகள் வந்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போயின. போனவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. எங்கள் லயத்துப் பெயர்களும் பட்டியலில் ஏறின. என் வீட்டுக்காரர் கோவிந்தன் பெயரும், அக்காவின் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் பெயரும் அதில் இருந்தன.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் எங்கள் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் ஜப்பான் அதிகாரியிடம் பேசி வந்து சொன்னார். "பட்டாளத் தொப்பிக்கு வைக்கிற மஞ்சள் நட்சத்திரம் மிசினில் பூத்தையல் போடவேணும். நாளைக்கு விடியத் தொடங்கிப் பின்னேரம் ஆறு மணிக்குள்ள ஆளுக்கு நாற்பது. முடிச்சவளின்ர புருஷன் இங்கயே நிற்கலாம். குறைஞ்சால் லொறியில ஏறவேணும். இதுக்கு மேல என்னால ஏலாது பிள்ளையள்."

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை காலியாகக் கிடந்தது. அதில் எங்கள் மிசின்களைப் போட்டார்கள். இரண்டும் ஒரே ரகம். ஆனால், கண்ட கண்ட கடைகளில் பிடுங்கிய பாபின்களையெல்லாம், எங்களுடையதையும் சேர்த்து, ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டிக் கலக்கியிருந்தான் ஒரு புண்ணியவான். எல்லாம் வட்டம், எல்லாம் இரும்பு. வித்தியாசம் ஒரு நகக் கனம்தான். சாயங்காலம் முழுக்க அக்கா ஒவ்வொன்றாகக் கூட்டில் போட்டு உதறிப் பார்த்தாள். விளிம்பு வளைந்தது ஒரு பக்கம், உயரம் கூடியது ஒரு பக்கம். கடைசியில் ஏழுதான் தேறின. பூத்தையல் அடிநூலை மளமளவென்று தின்னும். கையில் பாபின் குறைந்தால், தைக்கிறதை நிறுத்திவிட்டு நூல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான்கை என் பக்கம் தள்ளினாள். "நீ சுத்துறதுல ஆமை. நாலு வச்சிக்க. எனக்கு மூணு போதும்லா."

"வேணாங்க்கா" என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

மறுநாள் மதியம்வரை அவள் எனக்கு முன்னால் ஓடினாள். பிறகு, அடிக்கடி நிறுத்த வேண்டாமே என்று பாபினில் விளிம்பு முட்ட நூலைச் சுற்றிவிட்டாள். அப்படிச் சுற்றாதே என்று ஊருக்கே புத்தி சொன்னவள், அன்று அவளே அதைச் செய்தாள். உப்பிய பாபின் கூட்டுக்குள் இறுகியது. அடியில் நூல் பந்தாகிச் சிக்கி ஊசி ஒடிந்தது. அதைப் பிரித்தெடுப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அந்தப் பாபினும் கோணிப்போக, இரண்டுதான் மிஞ்சின.

ஐந்து மணிக்கு நான் நாற்பதை முடித்தேன். நூல் சுற்றிய பாபின் இரண்டு என் முன்னால் சும்மா கிடந்தன. அப்போது அக்கா தலை நிமிராமல் கேட்டாள், "எத்தன ஆச்சு?"

"முப்பத்தஞ்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதிகாரி இரண்டைக் கோணல் என்று தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று பயம். கூட நாலு தைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் பாபினைக் கேட்பாள். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. இதுதான் காரணம். வேறு சாக்கு என்னிடம் இல்லை.

"பயப்படாத, முடிச்சிரலாம். நூலு வேணும்னா கேளு" என்றாள் அவள்.

ஆறு மணிக்கு எண்ணினார்கள். அதிகாரி ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. கிராணி உரக்கப் படித்தார்: பாக்கியம் முப்பத்தேழு, தனம் நாற்பத்து நாலு. அக்கா என் பக்கம் திரும்பினாள். ஏசுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைத் தாண்டிக் கிராணியிடம் ஓடி, "மூணுதாங்கய்யா! மூணு! இப்பவே தச்சித் தர்றேங்கய்யா!" என்று காலைக் கட்டிக்கொண்டாள். கிராணி அழுதார். அதிகாரி ஏற்கெனவே வெளியே போயிருந்தான்.

மறுநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் லாரி நின்றது. முனியாண்டி அண்ணன் ஏறும்போது, "மிசினுக்கு எண்ணெய் போட்டு வையி, வந்துர்றேன்" என்றார். கோவிந்தன் என் பக்கத்தில் நின்றுகொண்டு அவருக்குக் கையசைத்தார்.

சண்டை முடிந்ததும் அக்கா கெமாஸுக்குக் குடிபோனாள். சயாமிலிருந்து மிஞ்சி வந்தவர்கள் அந்த ஊர் ரயில் ஸ்டேஷனில்தான் இறங்கினார்கள். எதிர்த்தாற்போல் தையல்கடை போட்டு உட்கார்ந்தாள். எலும்பும் தோலுமாக இறங்கிய ஒவ்வொருவரிடமும் முனியாண்டி அண்ணன் பெயரைச் சொல்லி விசாரித்தாள். ஆட்கள் வருவது நின்ற பிறகும் கடையை மாற்றவில்லை. அண்ணன் ஏன் லாரியில் ஏற நேர்ந்தது என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "பாபின்ல நூல நெறையச் சுத்திட்டேன். அது எம்புத்தி." என் பெயர் அதில் வந்ததே இல்லை. என் மகளின் கல்யாண ரவிக்கைகளை அவள்தான் தைத்தாள். கோவிந்தன் செத்தபோது முதல் ஆளாக வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளில் சாய்ந்து அழ எனக்குக் கூசியது.

போன தீபாவளிக்குப் போனபோது எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். "அக்கா, அன்னிக்கு நான் முப்பத்தஞ்சுன்னது பொய்."

"தெரியும். கிராணி கத்துனது என் காதுலயும்தான் விழுந்திச்சு."

"என்ன மன்னிச்சிருங்கக்கா."

தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "அத எங்கிட்ட ஏன் கேக்குற? நானா லாரியில ஏறுனேன்? அவரு வந்தா அவர்கிட்ட கேளு" என்றாள். கோப்பையை என் முன்னால் வைத்தாள். "குடி. சூடு போயிரும்."

பாக்கியம் அக்கா என்னை மன்னித்துவிட்டுப் போனாள் என்று தயவுசெய்து யாரும் மேடையில் பேசவேண்டாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது மேலே எழுதியிருப்பதுதான். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான். நான் கேட்கவேண்டிய அந்த மனிதரை எந்தக் காட்டில் புதைத்தார்கள், புதைத்தார்களா என்றே எனக்குத் தெரியாது.