காருக்கு அளவு ஜாக்கெட்

மரக்காணத்தில் ஒரு தையல்காரி கார் கடை போட்டு நிமிர்ந்த கதையை யாராவது உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். பக்கத்துக் கடை என்னுடையது. காலையில் இட்லி, பூரி. மதியம் மீன் குழம்புச் சாப்பாடு. ஈ.சி.ஆர். ரோட்டோரம், உப்பளத்தைப் பார்த்தபடி இரண்டு கடைக்கும் ஒரே தகரக் கூரை. நடந்ததில் முக்கால்வாசி என் பெஞ்சில்தான் நடந்தது. என் பெயர் மேரிசெல்வி. மற்றவர்கள் சொல்வதெல்லாம் காற்றுவாக்கில் கேட்டது.

அந்தத் தையல்காரி பெயர் ஃபர்சானா. என் ஜாக்கெட்டெல்லாம் அவள் தைத்ததுதான். கை சுத்தம், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அவள் வீட்டுக்காரன் தௌபீக் ஷார்ஜாவில், கார் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டும் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவன். போன வருஷம் அவன் லீவில் வந்து இறங்கியபோது, பெற்ற மகள் ஆஸிஃபா ஏர்போர்ட்டில் அவனை "அங்கிள்" என்று கூப்பிட்டாள். பாவம், குழந்தைக்கு என்ன தெரியும்? ஃபர்சானாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. இனி இந்த மனுஷன் பிளேன் ஏறக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

"அதே வேலையை இங்க செய்யுங்க. நான் கூட நிக்கிறேன்" என்றாள்.

அவன் ஒத்துக்கொண்டான், ஆனால் ஒரு கெடு வைத்தான். ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்குள் கடை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவன் ஷார்ஜாவுக்குத் திரும்பிவிடுவான். பழைய முதலாளியும் "எப்போ வர்றே?" என்று ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தார். அதனால் கொண்டுவந்த பெரிய நீலப் பெட்டியை அவன் பிரிக்கவே இல்லை. கடைக்குப் பின்னாலேயே குடித்தனம். குளித்துவிட்டு வந்தால் பெட்டியிலிருந்து ஒரு சட்டை எடுப்பான், துவைத்து மடித்துப் பெட்டியிலேயே வைப்பான். லாட்ஜில் தங்கியிருப்பவன் மாதிரி! பார்க்கப் பார்க்க எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. கன்னங்கரேல் என்று ஒட்டச் சொல்லி வந்தவர்களை, "போலீஸ் புடிச்சா நீங்க என்னைத்தான் திட்டுவீங்க. உள்ள இருக்கறவங்க முகம் தெரியணும், சூடு மட்டும் குறையணும். அதான் என்கிட்ட இருக்குது" என்று திருப்பி அனுப்பிவிடுவான். போர் தண்ணீரில் ஒட்டினால் காய்ந்ததும் உப்புப் பூத்துவிடும் என்று கேன் தண்ணீர்தான் வாங்குவான். வெட்டுவதில்தான் வந்தது வினை.

ஷார்ஜாவில் ஃபிலிமைக் கண்ணாடியின் மேலேயே விரித்து, ஓரத்தில் கத்தியை ஓட்டி வெட்டுவார்களாம். பிளேடு பளபளவென்று இருந்தால் லேசாக இழுத்தாலே போதும், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அடிக்கிற உப்புக் காற்றில் ராத்திரி வைத்த பிளேடு காலையில் துருவேறிக் கிடக்கும். துருவேறினது வெட்டாது. வெட்டாவிட்டால் கை அழுத்தும்.

அப்படித்தான் மாயவன் வண்டியில் அழுத்திவிட்டான். மாயவன் பொம்மையார்பாளையத்துக்காரர். குயிலாப்பாளையம் கெஸ்ட்ஹவுஸ்களில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களை மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு ஓட்டுகிறவர். டாக்ஸி ஸ்டாண்டில் அவர் சொன்னால் எடுபடும். வண்டியை எடுக்க வந்தவர் கண்ணாடியில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"என்னா பாய் இது? புது வண்டியில கோடு போட்டு வச்சிருக்க!"

"கண்ணாடியை மாத்தித் தந்துடறேண்ணே" என்றான் தௌபீக். சொன்னபடி மாற்றியும் கொடுத்தான். ஆனால் அன்றைக்கு என் கடையில் சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீனுக்கு உப்பு பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இது எப்படியோ காதில் விழுந்து பாண்டிச்சேரியிலிருந்து சகாதேவன் என்று ஒருத்தர் வந்தார். வெட்டும் மெஷின் விற்கிறவர். கம்ப்யூட்டரில் வண்டியின் பெயரைத் தட்டினால் போதும், மெஷினே ஃபிலிமை அச்சாக வெட்டித் தந்துவிடுமாம். கண்ணாடியில் கத்தியே படாது. தௌபீக்கின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதை எங்க சார் வைக்கறது?" என்று கேட்டாள் ஃபர்சானா.

"தூசி, ஈரக்காத்து படக் கூடாது மேடம். ஏசி ரூம் இருந்தா நல்லது." நல்ல மனுஷன், மறைக்காமல் சொன்னார்.

"அப்ப மெஷினை ரூம்ல படுக்க வச்சிட்டு நாங்க ரோட்டுல படுக்கணும்" என்றாள். அவரே சிரித்துவிட்டார். "மெஷின் வேணாம்னு சொல்லலை சார். கடை வளரட்டும், நானே கூப்பிடறேன்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

அவர் போனதும் தௌபீக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அக்கா, நான் ஜாக்கெட் தைக்கறதுக்கு உங்களை நிக்க வச்சு, உடம்பு மேலயே துணியைப் போட்டு வெட்டுறனா?"

"அடிப்பாவி! வெட்டித்தான் பாரேன்."

"அளவு ஜாக்கெட் வாங்கி வச்சிக்கிட்டு மேஜையில வெட்டுறேன். இவரு என்னடான்னா வண்டி மேலயே கத்தியை வச்சு இழுக்கறாரு. நம்ம ஸ்டாண்டுல ஓடறது மூணு நாலு மாடல். மாடலுக்கு ஒரு அளவு ஜாக்கெட் இருந்தா போதாதா?"

நான் போய் மாயவனிடம் சண்டை பிடித்து வண்டியைத் திரும்ப வரவழைத்தேன். அவள் காக்கித் தாளை அந்த வண்டிக் கண்ணாடியில் வைத்து ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். மடிப்பு விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினாள். அந்தத் தாளை மேஜையில் ஃபிலிமின் மேல் வைத்துத் தன் கத்தரிக்கோலை ஓட்டினாள். அந்தக் கத்தரிக்கோலில் துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலை முடிந்தால் தையல் மெஷின் எண்ணெயைத் தடவித் துணியில் சுற்றிவிடுவாள்.

நான் போய் மாயவனிடம் சண்டை பிடித்து வண்டியைத் திரும்ப வரவழைத்தேன். ஃபிலிம் அம்சமாக உட்கார்ந்தது. எல்லாருக்கும் பூரி கொடுத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மாயவன் திரும்பி வந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டினார். மேல் ஓரத்தில் ஃபிலிம் அப்பளம் மாதிரி சுருண்டு நின்றது.

"இன்னொரு தடவைதான் பாய். அதுக்கு மேல ஸ்டாண்டுல உனக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நோன்பும் நெருங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தௌபீக் ஷார்ஜாவுக்கு ஃபோன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட்டும் வந்துவிட்டது. ஃபர்சானா அழவில்லை. மாயவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். திடீரென்று கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா! தையலுக்கு விட்டுட்டேன் அக்கா!"

"என்னாடி உளர்றே?"

"பழக்கதோஷம்! சுத்திலும் அரை இஞ்ச் தையலுக்கு விட்டு வெட்டியிருக்கேன். இதுல எங்க அக்கா தையல் இருக்குது?"

ஜாக்கெட் வெட்டுகிற கை, தன்னையறியாமல் நாலு பக்கமும் கூடுதலாக விட்டிருக்கிறது. கீழ்ப் பக்கம் விட்டது சரிதான், அது கதவு ரப்பருக்குள் போய் மறைந்துவிடும். மேலே விட்டது கண்ணாடி ஏறும்போதெல்லாம் ஃபிரேமில் இடித்து இடித்துச் சுருண்டிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அவளைத் திட்டிக்கொண்டே சிரித்தேன். தௌபீக் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தாளைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மேல கண்ணாடி ஓரத்துக்கு ஒரு நூல், அரைக்கால் இஞ்ச், குறைச்சே வெட்டு. அங்க நாங்களும் அவ்ளோ இடம் விடுவோம்" என்றான். வந்ததிலிருந்து அவன் அவளிடம் தொழில் பேசியது அன்றைக்குத்தான்.

அவள் வெட்டினாள், அவன் ஒட்டினான். மாயவன் மெட்ராஸுக்கு அடுத்தடுத்துச் சவாரி போய்விட்டு வந்து, எங்கள் முன்னாலேயே கண்ணாடியை ஏற்றி இறக்கினார். ஃபிலிம் அசையவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமை காலையில் பார்த்தால், அவர் வண்டிக்குப் பின்னால் அதே மாடல் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஸ்டாண்டையே கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். அளவு ஏற்கெனவே கையில் இருந்ததால் ஃபர்சானா மடமடவென்று வெட்டித் தள்ளினாள். என் மீன் குழம்பு தீர்வதற்குள் எல்லா வண்டியும் முடிந்துவிட்டது. மற்ற மாடல்காரர்களும் அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு அவள் ஆணியில் மாட்டியிருந்த காக்கித் தாள்களைத் தொட்டுப் பார்த்தாள். கடல் காற்றில் நமுத்து, ஓரம் வளையத் தொடங்கியிருந்தது.

"இதுங்களை மூடி வைக்க ஒரு இடம் வேணும்" என்று உள்ளே போனாள். நீலப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துவந்து என் பெஞ்சில் வைத்தாள். ஜிப்பைத் திறந்து அவன் சட்டை, பேண்ட் எல்லாவற்றையும் வெளியே கொட்டினாள். தாள்களை ஒவ்வொன்றாகச் சுருக்கம் நீவி உள்ளே அடுக்கி மூடினாள்.

தௌபீக் ஈரக் கையோடு நின்றான். "நாளைக்கு ஃப்ளைட்டு…" என்று ஆரம்பித்தான். பெட்டியைப் பார்த்தான், ரோட்டில் கிளம்பிக்கொண்டிருந்த வண்டிகளைப் பார்த்தான். ஃபோனை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பக்கம் நடந்துபோய் நெடுநேரம் பேசினான். திரும்பி வந்து பெஞ்சில் கிடந்த துணிகளை வாரி எடுத்தான்.

"இதையெல்லாம் எங்க வைக்கறது?" என்று கேட்டான்.

"பீரோவுல மேல் தட்டு காலியா இருக்குது" என்றாள் ஃபர்சானா, கத்தரிக்கோலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே. "நீங்க வந்த அன்னைக்கே ஒதுக்கி வச்சிட்டேன்."