அறுநூறு வளையங்களும் அருக்காணியின் நாக்கும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், பூவராகவனின் பட்டறையில், அருக்காணிக்கென்று ஒரு நாற்காலி உண்டு. கிழக்குப் பக்க ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அதில் உட்கார்ந்து, சூளையிலிருந்து வரும் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை.

இந்த வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. முதலில் அவள் தட்டுத் தூக்க வந்தவள். ஒருநாள் இரண்டு கையிலும் தட்டு இருந்தது; இடமில்லாமல் மிஞ்சிய ஃபியூஸ் கட்டை ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு நடந்தாள். தட்டுகளை இறக்கிவிட்டு எடுக்கப் போனால் கட்டை வரவில்லை. நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடுங்கியதும் நாக்கு எரிந்தது. அடுத்த கட்டையை வைத்துப் பார்த்தாள், அது வழுக்கியது. ஒட்டிய கட்டையைத் தண்ணீரில் போட்டுவைத்தபோது அது ஈரத்தை இழுத்துக் கனத்துப்போயிருந்தது. நன்றாக வெந்த பீங்கான் தண்ணீர் குடிக்காது. வேகாதது குடிக்கும், நாக்கின் ஈரத்தையும் குடிக்கும். பூவராகவன் அன்றைக்கே நாற்காலியைப் போட்டுவிட்டார்.

அந்த நாக்குக்காக அவள் வெற்றிலையை விட்டாள். வேலை நேரத்தில் டீ குடித்தால் வாய் கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பாள். பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டும் அவள் கணவர் பழமலை, "எங்க வூட்டுல சமையலுக்கு உப்பு பாக்கறதுக்கு மட்டும் அந்த நாக்கு வேல செய்யாது" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். அருக்காணியை அடக்கமானவள் என்று சொல்வதற்கில்லை. தன் நாக்கைப் பற்றி அவளுக்குக் கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தால் அதிகம் நொந்தவர் சூளைக்காரர் சாமிதுரை.

"என் சூளையில வெந்தத வேகலன்னு சொல்ல நீ யாரும்மா? உள்ள போயி பாத்துட்டு வந்தியா?" என்பார் அவர், அவள் கழித்துப் போட்ட சாமான்களைக் காலால் தள்ளியபடி.

"நான் போவல சாமிதுரைண்ணே. என் நாக்கு போயிட்டு வந்துடிச்சி."

இருபத்திரண்டு வருஷமும் இந்த வழக்கு தீர்ந்ததில்லை. இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பிரியம் என்று யாராவது சொன்னால் இருவருமே மறுத்திருப்பார்கள். அந்த மறுப்பு பொய்யாகவும் இருந்திருக்காது.

போன மாசி மாதம் பட்டறைக்குப் புது வேலை ஒன்று வந்தது. ஓசூரில் வெற்றிடக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனிக்கு மாக்கல் மாவில் செய்த சிறு வளையங்கள் வேண்டும். காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டிக்குள், மின்கம்பிகள் ஒன்றோடொன்று தொடாமலிருக்க அந்த வளையங்களைக் கோப்பார்களாம். மேல்பூச்சு கூடாது, வெறும் வெள்ளை வளையம். மாதிரிக்குப் பத்து அனுப்பினார் பூவராகவன். பிரமாதம் என்று பதில் வந்தது. அறுநூறு செய்யச் சொன்னார்கள். சித்திரையில் அறுநூறும் போயின. வைகாசியில் அறுநூறும் திரும்பி வந்தன.

வளையங்களோடு கார்முகில் என்ற இன்ஜினீயரும் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சின்ன ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு ஒரு பம்ப்பையும், பானை அளவு இரும்புக் கலம் ஒன்றையும் காரிலிருந்து இறக்கி மேசையில் பொருத்தினார்.

அவர் பொருத்தி முடிப்பதற்குள் பூவராகவன் சாமிதுரையைக் கூப்பிட்டார். எல்லார் காதிலும் விழுந்தது.

"பத்து வளையம் நல்லாருந்துது. அத சின்ன கரண்டு சூளையில நானே சுட்டேன். அறுநூற நீ பெரிய சூளையில சுட்ட. வேற என்னா மாத்தம் இருக்குது, சொல்லு?"

"சூடு சரியாத்தான் குடுத்தேன் மொதலாளி."

"அத மிசினு சொல்லட்டும். சூட்டுல கோளாறுன்னா நாளையிலருந்து நீ வேற எடம் பாத்துக்க."

எதற்கும் எதிர்ப்பேச்சு பேசுகிற சாமிதுரை அன்றைக்குத் தலைகுனிந்து நின்றார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சூட்டைத் தப்பாகக் கொடுத்தான் என்று அனுப்பப்பட்ட சூளைக்காரனைப் பேட்டையில் வேறு எந்தப் பட்டறையும் சேர்க்காது.

கார்முகில் திரும்பி வந்த வளையங்களில் ஐந்தைக் கலத்துக்குள் போட்டு மூடிப் பம்ப்பை ஓடவிட்டார். வேலைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். கலத்துக்குள் இன்னும் எவ்வளவு காற்று மிச்சம் என்று கருவி காட்டிய எண்ணை ஐந்து நிமிஷத்துக்கொரு முறை பார்த்துக் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளிகள் படியிறங்குவதுபோல இறங்கின.

"காத்து இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க," என்றார். "காத்த எடுத்துட்டா, பொருள் மேல ஒட்டினது, உள்ள ஊறினது எல்லாம் ஆவியா வெளிய வர ஆரம்பிக்கும். ஈரம், எண்ணெய், எதுவா இருந்தாலும். ரொம்பக் கொஞ்சந்தான். ஆனா அந்த எடத்துல அதுவே அதிகம்."

தட்டுத் தூக்கும் மகேஸ்வரி கேட்டாள்: "கழுவிக் காயவெச்ச ஊறுகா ஜாடிய மூடி வெச்சிட்டு, ஒரு வாரம் கழிச்சித் தெறந்தா குப்புன்னு வாசன வருமே, அது மாதிரியா சார்?"

"அதேதாங்க. கழுவின உங்களுக்குத் தெரியாது. ஜாடிக்குத் தெரியும்."

தாளில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தார். புள்ளிகள் அதற்குக் கீழே போக வேண்டும். கோட்டுக்கு மூன்று விரற்கடை மேலேயே நின்றுவிட்டன. அதற்கப்புறம் வைத்த புள்ளிகள் எல்லாம் வரிசையாகப் படுத்துக்கொண்டன. பூவராகவன் சாமிதுரையைப் பார்த்தார். சாமிதுரை தரையைப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அருக்காணி டிபன் பாக்ஸைத் திறந்தாள்; சாப்பிட முடியவில்லை. வேறு என்ன மாற்றம் என்று முதலாளி கேட்ட கேள்வி அவளிடமே கேட்டதுபோல இருந்தது. மாதிரி வளையங்கள் போன நாள் அவளுக்கு நினைவிருந்தது. அன்று மாசி மகம். மணிமுத்தாற்றில் தலைமுழுகிக் கோயிலுக்குப் போவதற்காக லீவு போட்டிருந்தாள். அந்தப் பத்து வளையங்களை அவள் பார்த்ததுகூட இல்லை. பூவராகவன் சூளையிலிருந்து எடுத்து நேராகப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டார். அறுநூறு வளையங்களோ ஒன்று விடாமல் அவள் நாக்கில் பட்டவை. பட்ட ஈரத்தை முந்தானையால் துடைத்து அடுக்கியதும் அவள்தான்.

மாறியது சூளை மட்டும் இல்லை.

இது வேறு யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை. எப்போதும் ஓரிடத்தில் இருக்கிற ஒன்றை யாரும் காரணமாக எண்ணுவதில்லை. ஜன்னலோர நாற்காலியும் அதில் உட்கார்ந்திருக்கும் நாக்கும் அந்தப் பட்டறைக்குச் சுவர் மாதிரி ஆகிவிட்டிருந்தன. அவள் வாயைத் திறக்காவிட்டால் சாயங்காலம் இன்ஜினீயர் கிளம்பிவிடுவார். நாளைக்குச் சாமிதுரை போய்விடுவார். நாற்காலி அப்படியே இருக்கும். வாயைத் திறந்தால் நாற்காலி போகும். மறுபடி தட்டுத் தூக்க அவள் முதுகுக்குத் தெம்பில்லை.

கழித்த சாமான்களைச் சாமிதுரை காலால் தள்ளிய நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. சும்மா இருந்துவிட அவை உதவவில்லை. சூளைக்குப் பக்கத்தில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார் சாமிதுரை. அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தாள்.

"மொதலாளி, அது சூளையில்ல. நானு."

பூவராகவனுக்குப் புரியவில்லை. "என்னா நீ?"

"அந்தப் பத்த நான் நாக்குல வெச்சிப் பாக்கல. நான் அன்னிக்கி லீவு. இதுங்க எல்லாத்தயும் பாத்தேன்."

மகேஸ்வரிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். "அடிப்பாவி அக்கா! அறுநூறு வளையத்துக்கும் முத்தம் குடுத்தா அனுப்பிச்ச?"

எல்லாரும் சிரித்தார்கள். கார்முகில் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "எப்படிப் பாப்பீங்கம்மா? ஒரு தடவ செஞ்சி காட்டுங்க."

அவள் செய்துகாட்டினாள். வெந்தது வழுக்கும், வேகாதது பிடிக்கும் என்று சொன்னாள்.

பெரிய சூளையில், கைவசம் இருக்கட்டுமென்று வைத்து முந்தின நாள் வெந்து, இன்னும் யார் கையும் படாத வளையங்கள் இருந்தன. கார்முகில் புதுக் கையுறை போட்டுக்கொண்டு அவற்றில் ஐந்தை எடுத்துக் கலத்தில் வைத்தார். புள்ளிகள் இறங்கின, சிவப்புக் கோட்டைத் தொட்டன, தாண்டிக் கீழே போயின. சாமிதுரை தலையை நிமிர்த்தினார். பிறகு அதே ஐந்தை வெளியே எடுத்து அருக்காணியிடம் நீட்டினார் இன்ஜினீயர். "எப்பவும் செய்ற மாதிரியே செய்ங்க." அவள் நாக்கில் வைத்தாள், முந்தானையால் துடைத்தாள், கொடுத்தாள். இந்தத் தடவை புள்ளிகள் கோட்டுக்கு மேலேயே, காலையில் நின்ற அதே இடத்தில், படுத்துக்கொண்டன.

தான் செய்த தவற்றை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கும் வாய்ப்பு மனிதர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை. பெரும்பாலும் ஊர் சொல்லும், நாம் மறுப்போம், காலம் போகும். அருக்காணி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவமானத்தோடு இன்னொன்றும் இருந்தது. அது நிம்மதி என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

"நீங்க கழிச்சது ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டார் கார்முகில்.

நாற்பது வளையங்கள் மூலையில் கிடந்தன. அவற்றில் ஐந்தைச் சின்னச் சூளையில் செக்கச்சிவக்கக் காயவைத்து, எச்சில், எண்ணெய் எல்லாம் எரிந்து போகச் செய்து, ஆறவைத்து, அன்றைய மழைக்காற்றில் ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் கலத்தில் போட்டார். புள்ளிகள் கோட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. காற்றிலிருந்த ஈரத்தைக்கூட அவை குடித்திருந்தன. காலையில் நின்றதைவிட உயரத்தில் நின்றது எண்.

"அம்மா சொன்னது சரி," என்றார் பூவராகவனிடம். "இது போயிருந்தா என்னா செஞ்சாலும் சரிப்படுத்த முடியாது. அந்த அறுநூற மறுபடி சூளையில வெச்சி ஒரு சூடு காட்டுங்க, மேல இருக்கிறது எரிஞ்சிடும். கையுறை போட்டு எடுங்க. ஆனா நாக்கு மட்டும் இனிமே வேணாங்க."

"இனிமே வேணாம்" என்றார் பூவராகவனும்.

அன்று கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாற்காலி போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனாலும் நெஞ்சு கனக்கவில்லை. சிரிக்காமல் கேட்ட அந்தப் பிள்ளையை நினைத்தாள். அன்றைக்கே போ என்று சொல்லாத முதலாளியை நினைத்தாள். கழித்தவற்றையும் சோதிக்க வேண்டும் என்று அந்த இன்ஜினீயருக்குத் தோன்றியதே, அதை நினைத்தாள். தப்பைக் காட்டியதோடு நிற்காமல், அந்தத் தப்புக்குள் இருந்த சரியையும் காட்டிய அந்தப் பம்ப்பைக்கூட நினைத்தாள். பஸ் வெள்ளாற்றுப் பக்கம் திரும்பும்போது, கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாமிதுரை மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறுநூறு வளையங்களையும் மறுபடி சுட்டார். மகேஸ்வரி கையுறை போட்டு அடுக்கினாள். அருக்காணி நான்கு நாள் ஃபியூஸ் கட்டைகளுக்கு அட்டைப்பெட்டி மடித்தாள்.

ஐந்தாம் நாள் காலை புது வளையங்களின் முதல் சூளை திறந்தது. சாமிதுரை ஒரு பழைய தட்டைக் கொண்டுவந்து, மடித்த பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால் வைத்தார். தட்டில் புளியங்கொட்டை அளவில் வெள்ளைப் பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு எண்.

"என்னாண்ணே இது?"

"அதே மாவு. வளையம் அடுக்கின ஒவ்வொரு தட்டுலயும், ஒவ்வொரு மூலையிலயும் ஒண்ணொண்ணு வெச்சி சுட்டேன். பக்கத்துல இருக்கிற வளையம் வெந்தா இதுவும் வேகும். வளையத்த தொடாத. இத நக்கிக்க." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்ஜினீயருகிட்ட மொதலாளி போன்ல கேட்டுட்டாரு. சரின்னுட்டாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து முதல் பொத்தானை எடுத்தாள். வழுக்கியது. இரண்டாவது, மூன்றாவது. பதினேழாவது நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "பதினேழு ஒட்டுதே."

மகேஸ்வரி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் திரும்பினாள். இருபத்திரண்டு வருஷ வழக்கு அது; இனி சண்டை அரைமணி நேரத்துக்குக் குறையாது.

சாமிதுரை பொத்தானை வாங்கி எண்ணைப் பார்த்தார். "அடித்தட்டு, பின்மூல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அங்க காத்து அடிச்சிருக்கும்." பதினேழாம் பொத்தானுக்குப் பக்கத்தில் வெந்த வளையங்களை ஒரு மூலையில் ஒதுக்கிவைத்துவிட்டு, சூளையின் பின்கதவைப் பார்க்கப் போனார்.

அருக்காணி பதினெட்டாவதை எடுத்தாள்.