உமரி மேய்ந்த மாடுகளும் நம் பேராசிரியரும்

பேராசிரியர் தணிகாசலம் காலமானார் என்று பழைய மாணவர் குரூப்பில் செய்தி வந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடிப்பதற்குள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை ஞானியாக்கிவிட்டீர்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

மரக்காணம் உப்பளத்து ஓரம் மேயும் மாடுகள், தின்னும் தீவனத்தின் புரதத்திலுள்ள நைட்ரஜனில் எவ்வளவைப் பாலாக்குகின்றன, எவ்வளவை மூத்திரத்தில் வீணாக்குகின்றன என்று அளப்பதுதான் அவர் ஆராய்ச்சி. பக்கெட்டோடு மாட்டின் பின்னால் ஓடிய ஆய்வு மாணவன் நான். ஐயா ஜீப்பை விட்டு இறங்கமாட்டார். ஷூவில் சேறு ஒட்டிவிடுமாம். "விஞ்ஞானத்துக்கு மூளைதான்யா வேணும், காலு எதுக்கு?" என்பார். சிரித்துத் தொலைப்பேன்.

நாள் முழுக்கப் பெய்யும் மூத்திரத்தைப் பிடிக்க முடியாது. ஒரு குப்பி பிடித்து, அதிலுள்ள நைட்ரஜனைப் பார்த்து, மாடு நாளொன்றுக்கு இவ்வளவு பெய்யும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும் அளவால் பெருக்கிவிடுவார். மாட்டுக்காரி அஞ்சலை ஒருநாள் ஜீப்புக்கே வந்து சொன்னாள்:

"சார், இதுங்க உப்பளத்து உமரியைத் தின்னுதுங்க. செடியே உப்புங்க. குடம் குடமா தண்ணி குடிச்சிட்டு நாளெல்லாம் பேஞ்சிக்கினே இருக்குதுங்க. நீங்க புடிக்கிறது வெறுந்தண்ணி."

மொத்த ஆராய்ச்சியும் அங்கேயே கவிழ்ந்துவிட்டது. அவரோ ஜீப் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்பா, இந்தம்மா எந்த காலேஜ்ல பிஎச்டி?" என்றார். அதற்கும் சிரித்தேன்.

மாடு குடம் குடமாகப் பெய்ய, தண்ணீராக நீர்த்ததைப் புத்தகத்தின் சின்ன அளவால் பெருக்கினால், எந்த மாடும் எதையும் வீணாக்காத அதிசயப் பிறவியாகத்தானே தெரியும்? அப்படியே கட்டுரை வந்தது. பொன்னாடை என்ன, மாலை என்ன! இந்த மாடுகளுக்குக் கூடுதல் புரதம் தேவையே இல்லை என்று அவர் பரிந்துரைக்க, அந்த ஊர் மாடுகளுக்கு அரசுத் திட்டத்தில் வந்துகொண்டிருந்த புண்ணாக்கு நின்றது. அஞ்சலையின் பசுக்கள் பால் வற்றி எலும்பும் தோலுமாயின. விற்றுவிட்டாள்.

போன வருடம் வானூர் சந்தையில் அவளைப் பார்த்தேன். கையில் பாக்கெட் பால். ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"அந்த சாரு ஜீப்ல குந்திக்கினு இருந்தாரு, அவர வுடு," என்றாள். "நீ மாட்டுக்குப் பின்னாலயே இருந்தியே தம்பி, உனக்குமா தெரியல?"

தெரியும். முதல் வாரமே தெரியும். எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது.

பேராசிரியர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கட்டுரை ஒன்றுதான். அவர் பெயருக்கு அடுத்து என் பெயர். இதையெல்லாம் அவர் செத்த பிறகு எழுதும் தைரியம் மட்டும் என் சொந்தச் சரக்கு.