காலிக் கட்டத்தில் ஒரு கோடு

என் கணினித் திரையின் ஓரத்தில் தினசரிக் காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. தேதி உள்ள பக்கம் உட்புறமாகப் போய்விட்டது. வெளியே தெரியும் பின்பக்கத்தில் நீல மையில் ஒரே ஒரு வரி கணினி நிரல், ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாக. அதன் கீழே தமிழில், "கட்டம் காலி என்றாலும், சிறு கோடு என்றாலும், ஆள் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறது. எழுதியவர், நான் வேலை பார்த்த மேடம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. விளக்கம் சொல்வதைவிடப் பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் எளிது.

பிளஸ் டூவோடு என் படிப்பு நின்றது. குளத்தூர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு கடையில் பதினாறு வருடம் விண்ணப்பங்கள் டைப் அடித்தேன். அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடம், எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது. விட்டால் உள்ளேயிருந்து தாள் திரும்பி வரும். "ஏம்மா, இதக் காலியா விட்டா எவனாச்சும் பின்னால எழுதிக்கிட மாட்டானா?" என்று அலுவலக எழுத்தர் ஒருமுறை எல்லோர் எதிரிலும் கேட்டார். அன்றிலிருந்து சொல்ல ஒன்றும் இல்லாத கட்டத்தில் சிறு கோடு போடுவது என் விரலின் பழக்கமாகிவிட்டது. அந்தக் கடை மூடியபோது யாரோ சொல்லி மேடத்திடம் போய்ச் சேர்ந்தேன்.

மேடம் என்னைவிடப் பத்து வயது இளையவர். புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, யாரிடமும் வேலைக்குப் போகாமல், தனியாளாக வெப்சைட் செய்துகொடுத்தார். தமிழில் டைப் அடிப்பதும் பட்டியல் போடுவதும் என் வேலை. "மேடம்னு கூப்பிடாதீங்கக்கா, எனக்குப் பின்னால வேற யாரோ நிக்கிறாங்களோன்னு திரும்பிப் பாக்கத் தோணுது" என்பார். எனக்கு மாற்ற வரவில்லை. ஆதனக்கோட்டை முந்திரி வியாபாரி ஒருவருக்கும், ஆவூரிலிருந்து வெளிநாடு போனவர்கள் சேர்ந்து கேட்ட திருவிழாப் பக்கத்துக்கும், சித்தன்னவாசல் போகிற சாலையில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் அவர் அப்போது வேலை செய்துகொண்டிருந்தார். போர்வெல் வண்டிக்காரர் ஒருவர் தன் பெயர் சிவப்பில் மினுக்கிக்கொண்டே திரையில் ஓட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "அண்ணே, ஓடுற எழுத்தப் படிக்க ஆளும் கூடவே ஓடணும். ஒங்களுக்குத் தண்ணி கெடைக்கணுமா, ஓட்டப்பந்தயம் நடத்தணுமா?" என்று மேடம் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனை வைத்திருப்பவருக்கும் பக்கம் புரிய வேண்டும் என்பது மேடத்தின் கட்சி. நிரலில் ஒவ்வொரு முக்கியமான வரிக்குக் கீழேயும் தமிழில் குறிப்பு எழுதிவைப்பார். மறுபடி திறந்து பார்ப்பது தானே என்றாலும் தனக்கே ஞாபகம் இருக்காது என்பார்.

திருமயம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வியாபாரக் குடும்பம் வந்தது அந்த நாட்களில்தான். சென்னையிலும் மலேசியாவிலும் சிதறிக் கிடந்த பங்காளிகள் அத்தனை பேரையும் படத்தோடு ஒரே பக்கத்தில் காட்ட வேண்டும். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். பெயர், ஊர், பிறந்த நாள், மறைந்த நாள் என்று நான்கு கட்டங்கள் கொண்ட பட்டியலை நான் வீட்டிலிருந்தே டைப் அடித்தேன். மறைந்த நாள் கட்டத்தில் ஏதாவது இருந்தால் அந்தப் படத்தின் கீழே ஒரு குத்துவிளக்கு தானாகவே தோன்றும்படி மேடம் எழுதியிருந்தார். தாமே டைப் அடித்த பத்துப் பெயர்களை வைத்து அதைச் சோதித்தும் பார்த்தார். உயிரோடு இருப்பவர்களுக்கு அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். நான் என் வழக்கப்படி சிறு கோடு போட்டிருந்தேன். அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முன்னோருக்குப் படைப்பு வைக்கிற நாளில், பங்காளிகள் கூடியிருக்கும்போது, பெரிய வீட்டில் வைத்துத் திறப்பதென்று முடிவானது. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். கடைசிப் படங்கள் அன்று காலையில்தான் வந்தன. அதனால் என் முழுப் பட்டியலை மேடம் அங்கே வந்துதான் ஏற்றினார். சுவரில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, எதிரே புரொஜெக்டரை வைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். அந்த வீடுகளில் கல்யாணமான பெண்களை வயது பாராமல் ஆச்சி என்றுதான் அழைப்பார்கள். இவருக்கு ஐம்பதுகூட இருக்காது. குடும்பத்துப் பெரியவரின் தம்பி மனைவி. தம்பிக்கு அன்று காலை சென்னையில் இதய ஆபரேஷன், இரண்டு நாள் முன்புதான் திடீரென்று முடிவானது. மகன் அங்கே இருந்தான். படைப்பில் தங்கள் வீட்டுக்கு ஒருவராவது நிற்க வேண்டும் என்று கணவரே சொல்லி ஆச்சியை அனுப்பிவைத்தாராம். ஆச்சி போனைக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தார். அது ஒலிக்கவில்லை.

நான் சுவரோரம் நின்று, எழுத்துப் பிழை பார்ப்பதற்காக என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முதல் படம் பெரியவர். கீழே விளக்கு எரிந்தது. அவரோ நாலடி தள்ளி நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அடுத்த படம் தம்பி. அதன் கீழும் விளக்கு. விரலால் தள்ளத் தள்ள, எல்லாப் படத்துக்கும் விளக்கு. என் கோடுகளைத்தான் அது மறைந்த நாளாக எடுத்துக்கொண்டது என்று உடனே தெரிந்துவிட்டது.

"ம், போடுங்கம்மா, நேரமாச்சு" என்றார் பெரியவர். மேடம் மடிக்கணினியில் விரலை வைத்தார். நாற்பது பேருக்கு நடுவே "நிறுத்துங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. என் தோளுக்குப் பக்கத்தில் புரொஜெக்டரின் பிளக் இருந்தது. பிடுங்கிவிட்டேன்.

"யாரும்மா அது? கூறு இருக்கா ஒனக்கு?" என்று ஒருவர் கத்தினார். "நல்ல காரியத்துல வெளிச்சத்த அமத்துறியே" என்று ஒரு பெண் குரல். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. மேடம் மட்டும் கத்தவில்லை. எழுந்து வந்து என் வாயருகே காதை வைத்தார். "எல்லாக் கட்டத்துலயும் கோடு போட்டுட்டேன் மேடம்" என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, "அய்யா, என் புரோகிராம்ல ஒரு தப்பு இருக்குங்க. அக்கா கண்டுபிடிச்சதுனால தப்பிச்சோம். அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றார்.

பத்து இருபது ஆகியிருந்தது. அந்த வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். முற்றத்துத் தூணில் சாய்ந்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்து மேடம் தட்டினார். நான் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே படைப்புச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. "இன்னும் எத்தனை நேரந்தான்?" என்று பெரியவர் இரண்டு தரம் வந்து கேட்டார். பத்து இருபத்தாறுக்கு வேலை முடிந்தது. வேட்டியில் படங்கள் வந்தன. மறைந்தவர்களுக்கு மட்டும் விளக்கு இருந்தது. பங்காளிகள் தங்கள் முகத்தைத் தேடிச் சிரித்தார்கள். பதினொன்றரைக்கு ஆச்சியின் போன் ஒலித்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது.

திரும்பும்போது, பஸ்ஸில், எனக்கு இனி வேலை இல்லை என்றே நினைத்தேன். நானாகவே நின்றுகொள்கிறேன் என்று சொல்லப் போனேன். மேடம் கைப்பையில் கிடந்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தான் சேர்த்த அந்த ஒரு வரியை எழுதி என் மடியில் வைத்தார். "கட்டத்தக் காலியா விட்டா ஒங்களுக்கு எப்படி இருக்கும்னு நான் கேட்டுருக்கணும்க்கா. கேக்காதது என் தப்பு. நீங்க பயந்ததுலதான் இன்னைக்கு மானம் பொழைச்சுச்சு." அதற்குப் பிறகு எந்தப் படிவம் செய்தாலும் முதலில் என்னிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். நான் எங்கே தயங்குகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

மேடம் கல்யாணமாகி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். அங்கிருந்தும் தனியாகத்தான் வேலை செய்கிறார். அந்தக் குடும்பத்துப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார். போன மாதம் ஆச்சி கூப்பிட்டார். அவர் கணவர் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. தேதியைச் சொல்லிவிட்டு, "நீங்களே போட்டுருங்கம்மா" என்றார். நான் சரி என்றேன். போனை வைக்கவில்லை அவர்.

"அன்னைக்கு நீங்கதானே பிளக்கப் புடுங்குனது?"

"ஆமாங்க ஆச்சி."

"முன்னால உக்காந்திருந்தேன்ல. வெளிச்சம் வந்து போகயில கண்ணுல பட்டுருச்சு, அவுக படமும் வெளக்கும். யாருகிட்டயும் சொல்லல. அந்த வெளக்கு அமந்துபோச்சுல்ல, அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் போன் வர்ற வரைக்கும்."

ஆச்சி "வாரேம்மா" என்று வைத்துவிட்டார்.

மேடத்தை அழைத்துச் சொன்னேன். "நீங்களே போடுங்கக்கா" என்றார் அவரும்.

பட்டியலைத் திறந்தேன். அன்று நான் போட்ட கோடுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேடம் எழுதிய வரியால் அவற்றை அழிக்க வேண்டிய தேவை வரவில்லை. ஆச்சியின் கணவர் பெயருக்கு நேரே இருந்த கோட்டின் மேல் வெகுநேரம் விரலை வைத்திருந்தேன். திரையோரத் தாளில் "ஆள் இருக்கிறார்" என்று இருந்தது. பிறகு கோட்டை அழித்தேன். தேதியை அடிக்கும் முன் அந்தக் கட்டம், முதல் தடவையாக, காலியாக இருந்தது.