நடுவில் ஒரு மூட்டை

உலினாவின் மாமனார் பந்தாஸ் தூணோடு பேசுவார். உலினா கெட்டிலோடு பேசுவாள்.

"ஏ கெட்டில், டீ ஆறிப்போகுதுன்னு சொல்லு."

"தூணே, நேத்து மாதிரி சீனியைக் கொட்ட வேணாம்னு சொல்லு."

எங்கள் ஜனத்தில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. தொடுவதில்லை. ஒரே பாயில் உட்காருவதுமில்லை. வீட்டில் இது பெரிய பாடாக இருக்கவில்லை. அறை இருந்தது, கதவு இருந்தது, இங்கே சொன்னதை அங்கே சொல்ல மாமியார் இருந்தாள். மாமியார் செத்துப்போனாள். பிறகு சினாபுங் மலை வெடித்தது. ஊரோடு எங்களைக் கொண்டுவந்து கபன்ஜாஹே ஜம்பூரில் போட்டார்கள். கல்யாணம் நடக்கிற மண்டபம் அது. கூரை உண்டு, தூண்கள் உண்டு, சுவர் கிடையாது. யாருக்காவது கல்யாணம் என்றால் பாய்களைச் சுருட்டிக்கொண்டு தெருவோரம் நிற்போம். விருந்து முடிந்ததும் திரும்ப வந்து விரிப்போம்.

என் பாய் உலினாவின் பாய்க்கு அடுத்தது. அவளுக்குக் குழந்தை இல்லை. கணவன் எடிசன் தூரத்து ரியா மாகாணத்தில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். போனில் கூப்பிடுவான்.

"அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடு. எத்தனை நாள்தான் அங்க கிடப்ப?"

உலினா கெட்டிலிடம் சொல்வாள். தூணிடமிருந்து பதில் வரும்: மலையில் காப்பி பழுத்து நிற்கிறது, அதை விட்டுவிட்டு வருவதற்கில்லை. அவரை விட்டுவிட்டு இவள் போவதற்கில்லை.

"உலினா, உன் கெட்டிலுக்கு இன்னும் வாய் வலிக்கலையாடி?" என்று எதிர்ப்பாய்க்காரி நந்தே ரோபின் கேட்பாள். மண்டபமே சிரிக்கும். உலினாவும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் எழுந்து போக வேண்டும், போக இடமில்லை.

மலையைச் சுற்றி யாரும் போகக்கூடாது என்று கோடு போட்டிருந்தார்கள். காப்பித் தோட்டம் கோட்டுக்கு உள்ளே. ஒரு காலையில் கிழவர் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். அவருடைய பாய் சுருட்டிக் கிடந்ததைப் பார்த்து உலினா மோட்டார் சைக்கிளை எடுத்தாள்.

அந்தக் கோட்டில் சாலையை மறித்துப் போட்ட தடுப்பில்தான் நான் டீ விற்கிறேன். காவலுக்கு நின்ற சிப்பாய் அவளை மறித்தான்.

"அக்கா, இன்னிக்கு மலை சரியில்ல."

"என்னிக்குச் சரியா இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டு, முட்டைக்கோஸ் வயலோரமாக இறக்கி அந்தப் பக்கம் ஏறிப் போய்விட்டாள்.

தோட்டத்தில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாய்க்காலில் கால் மடங்கி, கணுக்கால் வீங்கி, கிழவர் காப்பி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பறித்துக் கட்டிய மூட்டை. அவள் வண்டியை நிறுத்தும்போதே மலை இரைந்தது. எதிர்ச்சரிவில் கரும்புகை உருண்டு இறங்கியது. தலைக்கு மேலே சாம்பல் மூடிக்கொண்டு வந்தது.

"மூட்டையே, அவளைப் போகச் சொல்லு. என்னால நடக்க முடியாது."

"மூட்டையே, அவரை வண்டியில ஏறச் சொல்லு."

"ஏறி எங்க உட்காருறது? மருமக முதுகுலயா? மூட்டையே, இவளுக்கு மூளை கலங்கிப்போச்சா?"

"மூட்டையே, அவர் வரலைன்னா நானும் வரலன்னு சொல்லு."

வண்டியை நிறுத்திவிட்டு அவளும் தரையில் உட்கார்ந்தாள், கொஞ்சம் தள்ளி. இருவர் தலையிலும் சாம்பல் விழுந்தது. கிழவர் இருமினார். மலையைப் பார்த்தார்.

"சரி. மூட்டையே, நீ நடுவுல வா."

அவள் மூட்டையைத் தூக்கி இருக்கையில் வைத்தாள். அவர் மரத்தைப் பிடித்து எழுந்து, அவள் கை படாமல் ஏறிக்கொண்டார். சாம்பலில் அவளுக்குக் கண் தெரியவில்லை. பின்னாலிருந்து அவர் கத்தினார்: "மூட்டையே, இடது பக்கம்! பள்ளம், பள்ளம், மூட்டையே!"

நான் பார்த்தது இதுதான். சாம்பலுக்குள்ளிருந்து ஒரு வண்டி வந்தது. இருவரும் சிமெண்டில் செய்தவர்கள் மாதிரி இருந்தார்கள். கிழவரின் இரண்டு கையும் அவள் இடுப்பைச் சுற்றியிருந்தன. முகம் அவள் முதுகில் புதைந்திருந்தது. மூட்டை இல்லை.

நான் தண்ணீர் ஊற்றியபோதுதான் அவர் கையை எடுத்தார்.

அன்று மாலை மண்டபத்தில் அவர்களைச் சுற்றிக் கூட்டம். பாதிரியார் ஜெபம் செய்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு நந்தே ரோபின் ஆரம்பித்தாள்.

"அது சரி, ஒரே வண்டியில எப்படி வந்தீங்க?"

"நடுவுல காப்பி மூட்டை இருந்துச்சு" என்றாள் உலினா.

"மூட்டை எங்க?"

"விழுந்துருச்சு."

"எங்க விழுந்துச்சு?"

உலினா சோற்றைப் பிசைந்தாள். நந்தே ரோபின் விடவில்லை.

"வழியில பாலம் இருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமாடி?"

மண்டபத்தில் யாரும் மெல்லவில்லை. மலையைப் பற்றி இத்தனை கவனமாக யாரும் கேட்டதில்லை.

"தூணே," என்றார் பந்தாஸ். "மூட்டை தடுப்புக்கிட்ட வந்துதான் விழுந்துச்சுன்னு சொல்லு. டீக்காரி பாத்தா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றேன். "வாய் அவுந்து பழமெல்லாம் ரோட்டுல ஓடுச்சு."

"எடுத்து வச்சிருக்கலாம்ல?"

"நீ போய்ப் பொறுக்கிட்டு வாயேன்."

சிரித்தார்கள். சாப்பாடு தொடர்ந்தது. உலினா என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் கிழவர் தன் பாயை இழுத்துக்கொண்டு மண்டபத்தின் மறுகோடிக்கு நொண்டிப் போனார். உலினா கெட்டிலிடம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். இங்கிருந்து அங்கே எட்டாது. எட்டினாலும் அவர் திரும்பவில்லை. அங்கேயும் தூண் இருந்தது. அதனுடன் அவர் பேசவில்லை. தட்டை நான் கொண்டுபோய் வைக்கிறேன். என்னிடமும் உப்பு, காரம் என்று ஒன்றும் சொல்வதில்லை. காப்பியைப் பற்றி மூச்சில்லை.

எடிசன் போனில் கத்துவது என் பாய்வரை கேட்டது.

"அப்பாதான் ஒண்ணும் சொல்லலியே! நீ கிளம்பி வாயேன்!"

"முன்னெல்லாம் வரமாட்டேன்னாவது சொல்லுவாரு," என்றாள் உலினா. "இப்ப அதுவும் இல்ல. இப்படி விட்டுட்டு எப்படி வர்றது?"