பஸ்ஸை ஜெயித்த கால்

எட்டு வயதில் நான் ஒரு டவுண் பஸ்ஸைப் பந்தயத்தில் தோற்கடித்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, அநேகமாகத் தினமும். நம்பாதவர்கள் பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வருஷம் என் வலது முழங்காலுக்கு மேலே எலும்பில் சீழ் வைத்துவிட்டது. ஆபரேஷன் செய்து சுரண்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். ஆனால் மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் விறகுக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. தினமும் மடக்கி நீட்டி, ஊன்றி நடக்க வேண்டும், இப்போது விட்டால் ஆயுசுக்கும் மடங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த வயதில் ஆயுசு ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வலிதான் தெரிந்தது. பயிற்சி கொடுக்க வந்த அக்காவைக் கடித்து வைத்தேன். அவர் மறுநாள் வரவில்லை. அம்மா கெஞ்சினாள், அப்பா அதட்டிப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சித்தப்பா டவுண் பஸ் டிரைவர். காலையில் அவர் வண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"ஏட்டி, நாளைக்கு தெருமுனையில ஹாரன் அடிப்பேன். பஸ்ஸு வாசலத் தாண்டுததுக்குள்ள நீ கேட்டுக் கதவத் தொட்டுட்டா நீ ஜெயிச்ச. ஆனா ஒன்னால முடியாது. நம்ம வண்டி பறக்கும்லா!"

முடியாது என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் ஹாரன் கேட்டதும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். வாசல்படிக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டது. ஆத்திரத்தில் அழுது தீர்த்தேன். மத்தியானம் நானே அம்மாவைக் கூப்பிட்டுக் காலை மடக்கிவிடச் சொன்னேன். அன்று சாயங்காலம் சித்தப்பா வந்து அடுக்களையில் அம்மாவோடு வெகுநேரம் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் தோற்றதாக ஞாபகம் இல்லை. கேட்டைத் தொட்டு நிமிர்ந்தால் அப்போதுதான் பஸ் வந்து நிற்கும். டிபன் பையோடு உட்கார்ந்திருக்கும் ஆபீஸ்காரர்களும் டீச்சர்மார்களும் ஜன்னல் வழியாகக் கை தட்டுவார்கள். தோற்ற வண்டியில் இருந்துகொண்டு இவர்களுக்கு என்ன இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா மேல் மட்டும் ஒரு வருத்தம் உண்டு. நான் வாசல்படி இறங்கும் அதே நேரத்தில் மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் ஒரு சிவப்புத் துண்டைக் காயப்போடுவாள். மகள் ஜெயிப்பதைப் பார்க்காமல் அப்படி என்ன அவசரம் என்று கோபமாக வரும்.

ஒரு நாள் வாக்கரை விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்தேன். முழங்கால் மடங்கியது. நடுவில் ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். கேட்டைத் தொட்டு நிமிர்ந்தால், பஸ்ஸில் சித்தப்பா இல்லை. அவருக்குக் காய்ச்சலாம். யாரோ ஒரு புது டிரைவர் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு டீச்சர் சத்தமாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"துண்டு தெரிஞ்ச பொறவு வண்டிய எடுத்தாப் போதும்னு சொன்னேம்லா அண்ணாச்சி! இன்னைக்குப் பிள்ளை வெறுங்கையோட வந்துட்டு பாருங்க!"

பஸ்ஸே கை தட்டியது. அந்த டிரைவரும் ஹாரனை அமுக்கினார். ஒரு பஸ் நிறைய ஆட்கள் எனக்காகத் தினமும் வேலைக்குப் பிந்தியிருக்கிறார்கள். யாரிடமும் நான் நன்றி சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. யார் துண்டு, என்ன துண்டு என்றுகூடக் கேட்காமல் மாடிப்படிப் பக்கம் நின்று கத்தினேன்.

"எம்மா, இவருக்கு சித்தப்பா அளவுக்குக்கூட ஓட்டத் தெரியல! லேசா ஜெயிச்சிட்டேன்!"

அம்மா சிவப்புத் துண்டோடு இறங்கி வந்து, அதாலேயே என் முகத்தையும் தன் முகத்தையும் துடைத்தாள். துண்டு மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. இப்போதுதானே காயப்போட்டாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.